முன் தேதி

அமலோற்பவம் அம்மாவின் மேசை இழுப்பறையில்
பதினேழு தாள்கள் மிச்சம்.
மேலே பெயர். அதன் கீழே
முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்.
"முன்னாள்" என்பதைச் சின்னதாக அச்சடிக்கச் சொன்னேன் நான்.
பெரிசாகப் போடவைத்தார் அவர்.
அடியில் பச்சை மையில் கையெழுத்து.
நடுவில் ஒன்றுமில்லை.
ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் யாருக்கும் வேலை நிற்கக் கூடாதென்று
முன்கூட்டியே போட்டு வைத்தது.

செவ்வாய்க்கிழமை கல்பள்ளியில் அடக்கம்.

பதினோரு வருஷம் அவர் சொல்ல நான் அடித்தேன்.
தையற்கடை மாடியில், இரண்டு மெஷின்களின் சத்தத்துக்கு மேலே
அவர் கத்துவது லிங்கராஜபுரத்துத் தமிழில்:
"புள்ளைங்க சாக்கடையையா குடிக்கும்னு கேளுடா அந்தாள!"
என் விரல்கள் அதைக் கன்னடமாக்கும்:
மான்யரே, மேற்படி வீதியில் இருபத்தொரு நாளாகக்
குடிநீர் விநியோகம் இல்லையென்பதைத்
தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.
படித்துக் காட்டுவேன்.
"என் கோவத்தக் காணோமேடா" என்பார்.
"கையெழுத்துல இருக்கும்மா" என்பேன்.
இருந்தது. பேனா முனை பல தாள்களைக் கிழித்திருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் ஒரு மந்திரி
அமலா என்றார், அப்புறம் அமலாவதி,
பிறகு பெயரை விட்டுவிட்டு
"இரும்புப் பெண்மணி" என்று முடித்துக்கொண்டார்.
இரும்பு துருப்பிடிக்கும் என்று
அந்தப் பட்டத்தை அவரே ஒருமுறை திருப்பிக் கொடுத்தது
அந்த மேடையில் யாருக்குத் தெரியும்?
சபையில் ஐந்து வருஷத்தில் பேசியது மொத்தம் பத்தொன்பது நிமிஷம்.
கணக்கு வைத்திருக்கிறேன்.
அதில் நாலு நிமிஷம் மைக் வேலை செய்யவில்லை.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று:
சாக்கடை மூடி போடும் வேலையைத்
தங்கச்சி மகனுக்கு வாங்கிக் கொடுத்தார்.
ஒரே மழையில் மூடிகள் அப்பளமாய் நொறுங்கின.
மறுநாள் விடிகாலை அந்தக் குழி ஓரம்
முட்டிவரை தண்ணீரில், குடையோடு நின்றார்,
யாரும் விழுந்துவிடாமல், மதியம் வரை.
போகிறவர் வருகிறவர் எல்லாம் திட்டினார்கள்.
"நான் குடுத்த காண்ட்ராக்ட்டுதான், திட்டுங்க" என்றார்.
அடுத்த தேர்தலில் தோற்றது நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.
குடையைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்களும் உண்டு.
மூடியைப் பார்த்தவர்கள் அதிகம்.

வெள்ளிக்கிழமை காலை
ராய்ச்சூர்க்காரர் ஒருவர் படியேறி வந்தார்.
முழங்கை வரை சிமெண்ட்.
மகன் பவ்ரிங்கில், தீக்காயம். கட்டில் இல்லை, தரையில் கிடக்கிறான்.
அம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கினால் நடக்குமென்று
மேஸ்திரி சொன்னாராம்.
அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இழுப்பறையைத் திறந்தேன்.
தேதிக்கு வந்ததும் விரல் நின்றது.
கீழே தையல் மெஷினும் அப்போது பார்த்து நின்றது.
திங்கட்கிழமை என்று அடித்தேன்.
அன்றைக்கு அவருக்கு மூச்சு இருந்தது.

மான்யரே என்று ஆரம்பித்தேன். மேற்படி என்று போட்டேன்.
இரண்டையும் அழித்தேன்.
உங்கள் பிள்ளை என்றால் தரையில் போடுவீர்களா
என்று அடித்தேன், கன்னடத்தில், முதல் தடவையாக,
அவர் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படியே.

மடித்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
"அம்மாவை எப்ப வந்தா பார்க்கலாம்?"
எத்தனையோ பேரின் துக்கத்தை
அந்த மொழியில் மனுவாக்கியவன் நான்.
ஒரு சொல்லும் வரவில்லை.
படியைக் காட்டினேன்,
வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்பதுபோல்.

பதினாறு.